காத்துக்கு வெட்டின பள்ளம்

அந்த ஆபீசை முனியம்மாள் முதல் முதலாகப் பார்த்தது ஒரு பெஞ்சுப் பலகையின் மேலே. புங்கமரத்து நிழலில் நாலு கல்லை அடுக்கி, அதன்மேல் பலகையைப் போட்டு, வெள்ளைத் தெர்மாக்கோலில் செய்த குட்டிக் கட்டடம் ஒன்றை அந்த அம்மா கொண்டுவந்து வைத்தார். குட்டி வாசல், குட்டி ஜன்னல், நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் பச்சைப் பஞ்சு ஒட்டின மரங்கள். மண் சுமக்க வந்த பெண்பிள்ளைகள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்கள், கல்யாண வீட்டில் சீர்வரிசை பார்க்கிற மாதிரி.

அந்த அம்மா பேர் ஏலவார்குழலி. காஞ்சிபுரத்துப் பெண். முப்பது வயசு இருக்கும். நூல் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்று படம் போட்டுக் கொடுக்கிற வேலை. முழுப்பேர் வாயில் வராமல் எல்லாரும் குழலிம்மா என்றே கூப்பிட்டார்கள்.

குழலிம்மா ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, பலகைக்குப் பக்கவாட்டில் இருந்த ஓட்டையில் பிடித்து, நோட்டுப் புத்தகத்தால் விசிறினார். புகை பலகைக்கு அடியில் போய்க் காணாமல் போனது. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு குட்டி அறைக்குள்ளும் ஒரு இழை எழும்பினது. அப்புறம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கூரை மேலே இருந்த புகைபோக்கி வழியாக வெளியே போனது.

"இன்னாக்கா இது, ஆபீசருங்களுக்கு சாம்பிராணி போடற பில்டிங்கா?" என்றான் கோதண்டம். முனியம்மாளின் கூடப்பிறந்த தம்பி. கிணறு வெட்டுகிற கோஷ்டியில் பள்ளத்துக்குள் இறங்குகிற முதல் ஆள்.

எல்லாரும் சிரித்தார்கள். குழலிம்மாவும் சிரித்துவிட்டார். "சாம்பிராணி இல்லீங்க, காத்து. மேல எவ்வளவு வெயில் அடிச்சாலும் பத்தடிக்குக் கீழ மண்ணு எப்படி இருக்கும்? கிணறு வெட்டுற உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"ஜில்லுனு இருக்கும்மா."

"அதேதான். அந்தக் குட்டை ஓரமா காத்தை உள்ள விட்டு, இருநூறு அடி மண்ணுக்குள்ளேயே நடக்க வெச்சு, ஆபீசுக்குள்ள மேல ஏத்தினா ஏசியே வேணாம். கரண்டும் வேணாம்."

ஒரகடத்துக்கு மேற்கே அந்தப் பன்னிரண்டு ஏக்கரையும் வாங்கினது வால்வு செய்கிற ஒரு கம்பெனி. ஃபேக்டரி மறைமலை நகரில் இருந்தது. பெரிய ஆபீசை இங்கே கட்டப்போகிறார்கள். அப்போதெல்லாம் அந்த ரோட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி கம்பெனி ஒன்றும் கிடையாது. பொட்டல், கருவேலம், தூரத்தில் ஏரிக்கரை, அவ்வளவுதான். மே மாசம் பெரும்புதூர் கூட்டத்தில் குண்டு வெடித்ததுக்கு அப்புறம் அந்தப் பக்கம் இருந்த போலீஸ் கெடுபிடி அடங்கினதும், ஜூலையில் வேலை ஆரம்பமானது.

கட்டடத்துக்குச் சில சட்டங்கள் போட்டிருந்தார் குழலிம்மா. சூளைச் செங்கல் கூடாது. வெட்டுகிற மண்ணையே கொஞ்சம் சிமெண்டு கலந்து, கையால் அழுத்துகிற மெஷினில் கல்லாக்கிச் சுவர் எழுப்பவேண்டும். வெளியிலிருந்து ஒரு கூடை மண் உள்ளே வரக்கூடாது, உள்ளேயிருந்து ஒரு கூடை வெளியே போகக்கூடாது. மனையில் இருக்கிற ஏழு மரத்தில் ஒன்றையும் வெட்டக்கூடாது. பொக்லைன் உள்ளே வந்தால் வேர் நசுங்கும் என்று அதுவும் வேண்டாம் என்றார். அதனால்தான் கிணறு வெட்டுகிற இவர்கள் கோஷ்டியைத் தேடிப் பிடித்தது.

கம்பெனியின் கட்டட மேனேஜர் ரகுபதிக்கு இதெல்லாம் வேப்பங்காய். "ஆபீஸ் கட்டச் சொன்னா பாம்புப் புத்து கட்றாங்க" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வார். பொக்லைன் வந்தால் நாலு நாளில் முடிகிற வேலைக்கு நாலு மாசமா என்று தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனால் முனியம்மாளுக்கு அந்தக் காத்துப் பள்ளத்தின் மேல் உயிராக இருந்தது. அதற்குக் காரணம் காத்து இல்லை. ஒரு நாள் குழலிம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன சங்கதி.

"முனியம்மா, பள்ளத்துல இறக்கப்போற காத்துக் குழாயைப் பாத்துக்க நிரந்தரமா ஒரு ஆள் வேணும். வாய்ல இலைதழை அடைக்காம, குட்டையில தண்ணி குறையாம. கம்பெனி ஆளா, சட்டை, கார்டு எல்லாத்தோடவும். பள்ளம் வெட்டினவங்கள்ல ஒருத்தரைத்தான் போடணும்னு முதலாளிகிட்ட எழுதி வாங்கியிருக்கேன். உங்க தம்பி பேரைத்தான் குடுத்திருக்கேன்."

"மெய்யாலுமாம்மா?"

"ஆனா ஆயுத பூஜைக்குள்ள குழாய் இறங்கிடணும். மழையில மாட்டி வேலை நின்னுடுச்சுன்னா முதலாளி மனசு மாறிடும். ரகுபதி சார் இப்பவே ஏசி கம்பெனிக்காரங்களைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டிருக்கார். பள்ளம் இல்லன்னா அந்த வேலையும் இல்ல."

அன்றைக்கு மண் கூடை முனியம்மாள் தலையில் கனக்கவே இல்லை. அவர்கள் வீட்டில் மாசம் பிறந்தால் சம்பளம் என்று வாங்கினவர்கள் ஒருத்தரும் கிடையாது. கோதண்டம் கிணற்று வேலைக்குப் போனால் வாலாஜா பக்கம், செய்யாறு பக்கம் என்று ரெண்டு மாசம் மூணு மாசம் ஆளே காண முடியாது. பெண்டாட்டி கனகமும் ரெண்டு பொட்டைப் பிள்ளைகளும் முனியம்மாள் வீட்டில்தான். முனியம்மாளுக்குப் புருசன் இல்லை, பிள்ளை இல்லை. இந்தத் தம்பி குடும்பம்தான் அவளுக்கு இருக்கிறது. அவன் காலையில் சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவனாக ஆகிவிடவேண்டும். இது ஒன்றுதான் அவள் ஆசை.

கோதண்டத்திடம் சொன்னபோது அவன் நம்பவில்லை. "கம்பெனியில என்னைப் போடுவானா? நான் கையெழுத்து போட்டா கோழி கெளறின மாதிரி இருக்கும்."

"இலை பொறுக்க எதுக்குய்யா கையெழுத்து?" என்றாள் கனகம். அவள் கல் அழுத்துகிற மெஷினில் வேலை செய்தாள். பள்ளத்திலிருந்து கூப்பிடு தூரம். "கார்டு குடுத்தா கழுத்துல மாட்டிக்கினு ஊரெல்லாம் சுத்துவ. எனக்குத் தெரியாதா உன்னை?"

பள்ளத்தின் நீளம் இருநூறு அடி, ஆழம் பத்தடி, அகலம் நாலடி. குட்டையில் ஆரம்பித்து, புங்கமரத்தைத் தொட்டுக்கொண்டு, ஆபீஸ் கடைக்கால் வரைக்கும். மேலே செம்மண், அதற்குக் கீழே மஞ்சள் களி, ஆறடிக்கு அப்பால் பொடி மணல். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் வந்து படுத்த இடம்.

வேலை ஆரம்பித்த முதல் நாளே குழலிம்மா கையில் சுண்ணாம்பு மாவு எடுத்துக்கொண்டு பள்ளத்து விளிம்பிலிருந்து ஆறடி தள்ளி, நீளத்துக்கும் வெள்ளையாகக் கோடு போட்டார். "மண்ணை இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் கொட்டணும். விளிம்புல ஒரு கூடைகூடக் கூடாது. புரியுதுங்களா?" என்று ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துக் கேட்டார். தலையை ஆட்டினார்கள். மரத்துப் பக்கம் கொட்டவே கூடாது, வேர் மூச்சு முட்டும். எதிர்ப்பக்கம் மட்டும்தான்.

பள்ளத்தின் பக்கச் சுவரைப் படிப்படியாகச் சரித்து வெட்டவேண்டும் என்றும் சொன்னார். ஆனால் புங்கமரத்துக்குக் கிட்ட வந்தபோது, படி வெட்டினால் பாதி வேர் போய்விடும் என்று தெரிந்தது. மரத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், "இந்த நாப்பதடி மட்டும் நேரா வெட்டுங்க. ரெண்டு பக்கமும் பலகை வெச்சு சவுக்குக் கட்டையால முட்டுக் குடுத்துடலாம்" என்றார். கட்டைக்கு ரகுபதியிடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். "நாளைக்கு லோடு வந்துடும்" என்றார் ரகுபதி.

"கெணறு நேராத்தானே வெட்றோம். நாப்பதடி அறுபதடி வரைக்கும் ஒரு குச்சிகூட வெக்காம போறோம்" என்று கோதண்டம் சொன்னான். குழலிம்மா கேட்டுக்கொண்டார்.

கிணறு வட்டம். வட்டத்தில் மண் ஒன்றை ஒன்று தோள் கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். நீளமாக வெட்டின பள்ளத்தில் தாங்க யாரும் கிடையாது. இது பள்ளம் வெட்டின ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவர்கள் அதுவரை வெட்டினதெல்லாம் கிணறுதான்.

சவுக்குக் கட்டை நாளைக்கும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் குழலிம்மா சிமெண்டுக் குழாய்களை எடுத்து அனுப்ப மெட்ராசுக்குப் போனார். போகும்போது, "கட்டை வராம மரத்துக்கிட்ட கீழ இறங்காதீங்க. மத்த இடத்தை முடிங்க" என்று கோதண்டத்திடம் சொல்லிவிட்டுப் போனார். ரகுபதியிடமும் சொன்னார். மத்த இடம் ரெண்டு நாளில் முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது அந்த நாப்பதடிதான். அதிலும் கடைசி மூணடி ஆழம்.

அன்று மதியம் மழை கொட்டினது. ஒரு மணி நேரம்தான். பொட்டல் தண்ணீரெல்லாம் ஓடிவந்து பள்ளத்துக்குள் விழுந்தது. மறுநாள் பூராவும் தண்ணி இறைப்பதிலேயே போய்விட்டது. ரகுபதி குடையைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் நின்று பார்த்தார்.

"என்னம்மா, காத்து வரும்னு பாத்தா தண்ணி வருது? ஆபீஸ்ல மீன் வளக்கலாமா?" என்று முனியம்மாளைக் கேட்டார். "இன்னும் ரெண்டு மழை இப்படிப் பெஞ்சா மூடிட்டுப் போகவேண்டியதுதான். முதலாளி நேத்தே போன்ல கேட்டாரு."

முனியம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருந்தது.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு மழைக்காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோண்டின மண்ணைத் தூரமாகக் கொண்டுபோக மாட்டார்கள். கிணற்று வாயைச் சுற்றி இடுப்பு உசரத்துக்குக் கரை கட்டி, மிதித்துக் கெட்டிப்படுத்திவிடுவார்கள். வெளித் தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. கீழே இருக்கிறவனுக்கு அந்தக் கரைதான் காவல். கரை கட்டாத கிணற்றில் ஆளை இறக்கமாட்டோம் என்று சண்டை போட்ட கோஷ்டிகளும் உண்டு. முனியம்மாள் பத்து வயசிலிருந்து அப்படிக் கரை மிதித்தவள்.

"கரை கட்டிடலாம்" என்றாள்.

கூட மண் சுமக்கிற லூர்தம்மாள் கூடையை இறக்கினாள். "அம்மா கோடு போட்டு வெச்சிக்கீறாங்களே முனியம்மா. அதுக்கு அந்தாண்டதானே கொட்டணும்?"

"கோடு வெயிலுக்குப் போட்டது. மழைக்கு இன்னாடி கோடு? தண்ணி கோட்டைப் பாத்துட்டு நிக்குமா?"

"அதுக்கில்ல. கண்டிசனா சொல்லிட்டுப் போனாங்களேன்னு கேட்டேன்."

"அவங்க படிச்சவங்க. பள்ளத்துல தண்ணி பூந்து பாத்திருக்காங்களா? உள்ள நிக்கறது உன் தம்பியா, என் தம்பியா?"

லூர்தம்மாள் இறக்கின கூடையைத் திரும்ப எடுத்தாள். ஆறு பெண்களும் சேர்ந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்த மண்ணை வாரி விளிம்பிலேயே கொட்டினார்கள். முனியம்மாள் மேலே ஏறி நின்று மிதித்தாள். சாயங்காலத்துக்குள் நாப்பதடி நீளத்துக்கு மார் உசரம் கரை எழும்பிவிட்டது. சுண்ணாம்புக் கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. ரகுபதி வந்து பார்த்தார். கரையைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் ஆகட்டும்" என்று போய்விட்டார்.

அடுத்த நாள் மழை பெய்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. "பாத்தியா?" என்று லூர்தம்மாளைப் பார்த்துச் சிரித்தாள் முனியம்மாள்.

அதற்கு மறுநாள் காலையில் கோதண்டம் பள்ளத்திலிருந்து ஏணி வழியாக மேலே வந்தான். பீடி பற்ற வைத்தான். ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "அக்கா, மண்ணு வேர்க்குது" என்றான்.

"இன்னாடா சொல்ற?"

"கீழ மணலு கீது பாரு, அது பொலபொலன்னு உதுருது. சொவத்துல கை வெச்சா ஈரமா கீது. சொம்மா கசியற ஈரம் இல்ல. கெணத்துல இப்படி நான் பாத்ததே இல்ல. கட்டை வரட்டுமே, ரெண்டு நாளு நிறுத்திக்கலாம். அம்மாவும் வந்துடுவாங்க."

முனியம்மாள் வானத்தைப் பார்த்தாள். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ரகுபதியின் ஷெட்டுப் பக்கம் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ரெண்டு பேர் காரிலிருந்து இறங்கி, ஏசி படம் போட்ட புத்தகத்தை அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு நாளு நிறுத்தினா அப்பால மழை வுடுமா? அந்தாண்ட பாரு, யாரு வந்து நிக்கறான்னு. நீ நிறுத்தறதுக்கோசரந்தான் காத்துக்கினு கீறானுங்க. இன்னும் மூணடிடா. மூணடி வெட்டிட்டா உனக்குக் கார்டு. இல்லன்னா திரும்ப செய்யாத்துக்குப் போயி கெணத்துலயே கெட."

"பயமா கீதுக்கா."

"அறுபதடியில பயப்படாதவன் பத்தடியில பயப்படறானாம். போய்க் கனகத்தை அனுப்பு, அவ வெட்டுவா."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கோதண்டமும் சிரித்தான். சிரித்தபடியே பீடியைக் கரையில் அழுத்தி அணைத்துவிட்டு, தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினான். கூட இன்னும் ரெண்டு பேர் இறங்கினார்கள். அவர்கள் தள்ளி, படி வெட்டின பக்கம் நின்று மண் அள்ளினார்கள். மரத்துக்கு நேரே கடப்பாறை பிடித்தவன் கோதண்டம் ஒருத்தன்தான்.

பத்து மணி இருக்கும். முனியம்மாள் காலிக் கூடையோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மூட்டையை வண்டியிலிருந்து தள்ளின மாதிரி ஒரு தொப். அவள் மிதித்துக் கட்டின கரை, அவள் கண் முன்னாலேயே, முழுசாக, உடையாமல், உட்கார்ந்து உள்ளே இறங்கிப் போனது. அதோடு அதன் கீழே இருந்த சுவரும் போனது. புங்கமரத்துப் பக்கத்துச் சுவர் அப்படியே நின்றது. வேர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கீழே இருந்த ரெண்டு பேரும் அலறிக்கொண்டு படியில் ஏறினார்கள். கோதண்டம் இருந்த இடத்தில் மண் மட்டும்தான்.

முனியம்மாள் குதித்தாள். கையாலேயே பறித்தாள். கடப்பாறையோடு ஓடிவந்தவனை, "கடப்பாறையைப் போடாதடா, அவன் மேல பட்டுடும்" என்று கத்தினாள். எல்லாரும் கையாலும் சட்டியாலும் அள்ளினார்கள். அள்ள அள்ள மணல் ஊர்ந்து வந்து அந்தக் குழியையே நிரப்பினது. மெஷினை விட்டுவிட்டு ஓடிவந்த கனகம் விளிம்பில் நின்று, "எங்க, எங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ அவளைப் பிடித்து இழுத்துப் போனார்கள். முனியம்மாள் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது அவளுக்கே தெரியவில்லை.

முதலில் தலைத்துண்டு வந்தது. தலையை வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நின்ற வாக்கிலேயே இருந்தான். வாய் பூராவும் மண். லூர்தம்மாள் விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தாள். கண்ணை மூட வைத்துவிட்டு, "போதும், வுடு முனியம்மா" என்றாள்.

மூணாம் நாள் ரகுபதி வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. முனியம்மாளை வேலியோரம் கூப்பிட்டுப் பேசினார்.

"நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர் வராரு. உன்னைத்தான் முதல்ல கேப்பாரு. மண்ணை விளிம்புல கொட்டினது எப்படின்னு."

முனியம்மாள் நகம் பிய்ந்த விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"இதப் பாரு. ஆளுங்களே தானாக் கொட்டினாங்கன்னா, அது ஆளுங்க தப்பு. கம்பெனி கையை விரிச்சிடும். டிசைன்ல தப்புன்னா அது கம்பெனி பொறுப்பு. செத்தவன் வீட்ல ஒருத்தருக்கு வேலை குடுத்துதான் ஆகணும். கனகத்துக்கு மறைமலை நகர்ல பெருக்கற வேலை, பர்மனெண்ட். நான் பேசிட்டேன். நீ சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. மரத்துப் பக்கம் கொட்டாதே, இந்தப் பக்கம் விளிம்புல கொட்டுன்னு அந்த அம்மாதான் சொன்னாங்க."

"அவங்க அப்படிச் சொல்லல சார். கோடு போட்டாங்க."

"கோடு எங்கே? இப்போ கோடு இருக்கா?"

"சார், நீங்களுந்தான் வந்து பாத்தீங்க. கட்டை வரல."

ரகுபதி கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "சரி, உள்ளதைச் சொல்லு. கரை கட்டலாம்னு சொன்னது யாருன்னும் சேர்த்துச் சொல்லு. லூர்தம்மா கிட்ட கேட்டேன், சொன்னா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது முனியம்மா. படிச்சவங்க. வேற ஊர்ல போய் வேற பில்டிங் போடுவாங்க. உன் தம்பி பொண்டாட்டி எங்கே போவா, ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு?"

வீட்டுக்குள்ளிருந்து சின்னதின் அழுகைச் சத்தம் கேட்டது. கனகம் எழுந்து தூக்கவில்லை. மூணு நாளாக அவள் ஒன்றையும் தூக்கவில்லை.

விசாரணை ரகுபதியின் தகர ஷெட்டில் நடந்தது. ஒரு ஆபீசர், ஒரு டைப் அடிக்கிறவர். சுவரோரம் பெஞ்சில் கனகம். எதிரே நாற்காலியில் குழலிம்மா, நாலு நாளில் நாலு வயசு கூடின மாதிரி. கையில் சுருட்டின படம்.

"மண்ணை விளிம்பில் கொட்டச் சொன்னது யார்?" என்று கேட்டார் ஆபீசர்.

முனியம்மாள் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். கனகத்தைப் பார்த்தாள். கனகம் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் அவளுக்கும் வேண்டியிருந்தது.

"அம்மாதான்" என்றாள் முனியம்மாள்.

"எந்த அம்மா?"

"இவங்க. மரத்துப் பக்கம் கொட்டக்கூடாது, இந்தாண்டை ஓரமாக் கொட்டுன்னாங்க."

டைப் சத்தம் தடதடவென்று ஓடி நின்றது. லூர்தம்மாளைக் கேட்டார்கள். அவளும் ஆமாம் என்றாள். கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

குழலிம்மா எழுந்து நின்றார். "முனியம்மா, நான் அப்படியா சொன்னேன்?"

அதட்டிக் கேட்டிருந்தால் முனியம்மாள் தாங்கியிருப்பாள். அவர் மெய்யாகவே தெரியாமல் கேட்பதுபோல், ஒருவேளை அப்படியும் சொல்லியிருப்போமோ என்கிற மாதிரி கேட்டார்.

"ஆமாம்மா" என்றாள் முனியம்மாள்.

குழலிம்மா படச்சுருளை நாற்காலியில் வைத்தார். பெஞ்சில் இருந்த கனகத்தைப் பார்த்தார். அப்புறம் ஆபீசரிடம் திரும்பி, "அந்த நாப்பதடியை நேரா வெட்டச் சொன்னது நான்தான். அதை எழுதிக்கோங்க" என்றார். "மரத்துக்காகச் சொன்னேன்." மண்ணைப் பற்றி அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லாததையே ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். படச்சுருளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் அவர் வரவே இல்லை.

பொக்லைன் வந்தது. மூணு மாசம் வெட்டின பள்ளத்தை அரை நாளில் மூடிவிட்டது. தை மாசத்துக்குள் சூளைச் செங்கல் லாரி லாரியாக வந்து இறங்கினது. ஏழு மரத்தில் அஞ்சு போய்விட்டது. புங்கமரம் நின்ற இடத்தில் ஜெனரேட்டர் வைக்கப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

சொன்ன சொல்படி கனகத்துக்கு வேலை கிடைத்தது. ஊதாப் புடவை கொடுத்தார்கள். போட்டோ ஒட்டின கார்டு கொடுத்தார்கள். கம்பெனி பஸ் ரோட்டு முனைக்கு ஆறு மணிக்கு வரும். முனியம்மாள் விடியும் முன்னாலேயே எழுந்து சோறு ஆக்கித் தூக்குச் சட்டியில் போட்டுக் கொடுப்பாள். பெரியதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுச் சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போவாள். கனகம் அதிகம் பேசுவதில்லை. துக்கம் என்று முனியம்மாள் நினைத்துக்கொண்டாள்.

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. கனகம் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வண்டியில் ஏற்றினாள்.

"இன்னா கனகம் இது?"

"மறைமலை நகர்ல ரூம்பு பாத்துட்டேன். கூட வேலை செய்யறவங்க வூட்டுப் பக்கம்."

"சொல்லவே இல்லியே? புள்ளைங்களை யாரு பாத்துப்பா?"

"பாத்துக்கறேன்."

கனகம் பாயைச் சுருட்டி வண்டியில் வைத்தாள். அப்புறம் திரும்பி, முதல் தடவையாக முனியம்மாளை நேராகப் பார்த்தாள். "லூர்தம்மா சொல்லிட்டா அண்ணி" என்றாள். "கரை கட்டச் சொன்னது யாருன்னு. அவரு பயமா கீதுன்னு சொன்னதையும் சொன்னா. நான் வெட்டுவேன்னு நீ சொன்னியாம்."

முனியம்மாள் சின்னதை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "எப்போ சொன்னா?"

"பொங்கலப்போ. நீயே என்கிட்ட சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். தெனமும் தூக்கை வாங்கும்போதெல்லாம் பாத்தேன்."

"வேலைக்கோசரந்தான் கனகம். அவனுக்கோசரம். அப்பால உனக்கோசரம்."

"தெரியும். வேலையை நான் வுடப்போறதில்ல. ஒரு பாவமும் அறியாத அம்மா தலையில பழியைப் போட்டு வாங்கின சோறு. தெரிஞ்சேதான் துன்றேன். எனக்கு வேற வழி இல்ல. ஆனா உன் மூஞ்சியைப் பாத்துக்கினு அதைத் துன்ன முடியல." கையை நீட்டினாள். "குடு."

முனியம்மாள் இடுப்பில் இருந்த பிள்ளையைக் கொடுத்தாள். அது அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கனகம் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள். பெரியது வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது. வண்டி கிளம்பினது.

கொஞ்ச நேரத்தில் லூர்தம்மாள் சட்டியும் கூடையுமாகத் தெருவில் வந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு கம்பெனி காம்பவுண்டுக்குக் கடைக்கால் வெட்டுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. வண்டித் தடத்தைப் பார்த்தாள், முனியம்மாளைப் பார்த்தாள்.

"வரியா?" என்று கேட்டாள்.

ஏன் சொன்னே என்று முனியம்மாள் அவளைக் கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, அவள் பின்னால் நடந்தாள்.